ஓட்டல் மிச்சமும் வெண்பன்றியும்: லாபமும் ஆபத்தும் ஒரே டிரம்மில்!

பெங்களூரில் ஓட்டல் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது பழகிய காட்சி. இரவு கடையை எடுத்து வைக்கும் நேரம். பின்வாசலில் ஒரு டெம்போ வந்து நிற்கும். பிளாஸ்டிக் டிரம்கள் இறங்கும். மிஞ்சிய சோறு, சாம்பார், காய்கறித் தோல், சாப்பிட்டவர்கள் கடித்துப் போட்ட எலும்பு, எல்லாம் அதில் விழும். டெம்போ புறப்பட்டுப் போய்விடும்.

அந்த டிரம் எங்கே போகிறது?

பல டிரம்கள் போய்ச் சேருகிற இடம் நகருக்கு வெளியே உள்ள பன்றிக் கொட்டகை. நாம் வழித்துக் கொட்டும் மிச்சத்தை நம்பி அங்கே ஒரு குடும்பம் பிழைக்கிறது. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம், வைத்தியச் செலவு, பெண்ணின் கல்யாணம் எல்லாம் அந்த டிரம்மிலிருந்துதான் வரவேண்டும்.

அதே குடும்பத்தை ஒரே மாதத்தில் ஓட்டாண்டி ஆக்கக்கூடிய நோயும் அதே டிரம்மில் வரலாம். நடுவில் நிற்பது ஓர் அடுப்பும் ஓர் அண்டாவும் மட்டுமே.

இதை ஓட்டலில் வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னும் சிலரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் இரண்டு ஏக்கர் கிடக்கிறது, ரிட்டையர் ஆனதும் போய் ஒரு பண்ணை வைக்கலாம் என்று ஆபீஸ் மேசையில் கணக்குப் போடும் குமாஸ்தாக்கள் நம்மில் ஏராளம். கோழி, ஆடு, கறவை மாடு என்று சுற்றி, பலருடைய கணக்கு கடைசியில் வெண்பன்றியில் வந்து நிற்கிறது.

முகம் சுளிக்க வேண்டாம்

பன்றி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நம் ஊர்ச் சாக்கடை ஓரத்தில் திரிந்த கறுப்புப் பன்றிதான் அவர்கள் கண்ணுக்கு வரும். அதை மேய்த்தவர்களை ஊரே ஒதுக்கி வைத்திருந்தது. அந்த ஒதுக்கல்தான் பன்றியின் மீதும் ஒட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டும்.

உண்மையில் இடம் கொடுத்தால் பன்றியைப் போலச் சுத்தம் பார்க்கும் கால்நடை குறைவு. படுக்க ஒரு மூலை, சாணி போட வேறொரு மூலை என்று தானாகவே பிரித்துக்கொள்ளும். சேற்றில் புரள்கிறதே என்பீர்கள். பன்றிக்கு நம்மைப் போல வியர்வை கிடையாது. வெயில் ஏறினால் உடம்பைக் குளிர வைக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி ஈரத்தில் புரள்வதுதான். கொட்டகையில் தண்ணீர் தெளித்துவிட்டால் சேற்றைத் தேடி அது ஏன் போகிறது?

கர்நாடகத்திலேயே குடகுப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே பன்றிக்கறி விருந்துக்குரிய பண்டம். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போத் பண்டிகைக்கு, கச்சம்புளி விட்டுச் சமைத்த பன்றிக்கறியும் கடம்புட்டும் இல்லாமல் தீராது. காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போன தமிழர்களைக் கேட்டால் அதன் ருசியைச் சொல்வார்கள். எல்லை தாண்டினால் வயநாடு. அங்கும் காப்பி, மிளகுத் தோட்டத்துக்குப் பின்னால் பன்றிக் கொட்டகை வைத்திருக்கும் சிறு குடும்பங்கள் உண்டு.

வடகிழக்கு மாநிலங்களில் இது இன்னும் பெரிய சங்கதி. 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த பன்றிகள் சுமார் 90 லட்சம். அதில் 21 லட்சம் அசாமில் மட்டும். பெரும்பாலும் வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று கொல்லையில் வளர்ப்பவைதான். பேங்க் பாஸ் புத்தகம் போல அதை வைத்திருப்பார்கள். மிச்சம் மீதியைப் போட்டு வளர்த்து, கையில் காசு முடை வரும்போது விற்பார்கள்.

பேப்பரில் போட்ட கணக்கு

வெண்பன்றியைப் பற்றிச் சொல்லும் ஆசை வார்த்தைகள் எல்லாம் பெரும்பாலும் உண்மையே. சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். ஓர் ஈற்றுக்கு எட்டு, பத்துக் குட்டி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் வருஷத்துக்கு இரண்டு ஈற்று. ஏழெட்டு மாதத்தில் ஒரு குட்டி 90 கிலோவைத் தொடும். உயிர் எடையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் உரித்த எடையாக நிற்கும். ஆட்டில் இது கிடைக்காது.

சரி, லாபம் எவ்வளவு?

ஒரு குட்டிக்குக் கணக்குப் போடுவோம். விலைகள் கணக்குக்காக நாமே வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

பால் மறந்த 10 கிலோ குட்டி 4,000 ரூபாய் என்று வைப்போம். அதை 90 கிலோவாக்க வேண்டும். அதாவது 80 கிலோ ஏற வேண்டும். ஒரு கிலோ எடை ஏற மூன்றரைக் கிலோ தீவனம் என்றால் மொத்தம் 280 கிலோ தீவனம். கிலோ 30 ரூபாய் வீதம் 8,400 ரூபாய். ஆக முதல் 12,400 ரூபாய்.

உயிர் எடை கிலோ 150 ரூபாய்க்கு விற்றால் 90 கிலோவுக்கு 13,500 ரூபாய்.

மிச்சம் 1,100 ரூபாய். ஏழு மாதம் சாணி வாரியதற்கு! மாதம் 160 ரூபாய்கூட நிற்கவில்லை. இதில் மருந்து, கரண்டு, தண்ணீர் எதையும் கழிக்கவில்லை. ஒரு குட்டி செத்தால் பத்துக் குட்டியின் லாபம் போச்சு.

மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு எல்லாம் காசு கொடுத்து வாங்கி, நாலைந்து பன்றி வளர்த்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் சேதி. பெரிய பண்ணைக்காரர் தீவனத்தை லாரிக் கணக்கில் மலிவாக வாங்குவார். சின்ன குடும்பத்துக்கு அது முடியாது.

அதனால்தான் டிரம்.

தீவனத்தில் பாதியை ஓட்டல் மிச்சத்தால் ஈடு கட்டினால், ஒரு பன்றிக்கு 4,200 ரூபாய் மிஞ்சும். டெம்போ டீசல், விறகுச் செலவு போனாலும் லாபம் பல மடங்கு ஆகிறது. ஆனால் ஓட்டல் மிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பாதித் தீவனத்துக்கு ஈடாக வளர்ந்த பன்றி ஒன்றுக்குத் தினம் ஐந்தாறு கிலோ மிச்சம் வேண்டும். பத்துப் பன்றிக்கு 50, 60 கிலோ. மழையானாலும் பண்டிகையானாலும் தினம் போய் எடுத்து வரவேண்டும். ஒருநாள் போகாவிட்டால் ஓட்டல்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

டிரம்மில் வரும் எமன்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஒரு நோய். மனிதனுக்கு வராது. அந்த இறைச்சியைத் தின்றாலும் மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. பன்றிக்கு வந்தால் அநேகமாகத் தப்பாது. கடும் காய்ச்சல் அடிக்கும். தீனி எடுக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிப் படுத்துக்கொள்ளும். காதும் வயிறும் சிவந்து நீலம் பாரிக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் கொட்டகை காலி.

வழக்கமான பன்றிக் காய்ச்சலுக்கு நம் நாட்டில் தடுப்பூசி இருக்கிறது. இது வேறு கிருமி. அந்த ஊசி இதற்குப் பயன்படாது. வியட்நாமில் 2023ஆம் ஆண்டு ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தார்கள். இந்தியாவில் போடுவதற்கு ஊசி இல்லை.

இந்த நோய் கண்டம் விட்டுக் கண்டம் போன விதத்தைப் பாருங்கள்.

1957ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவிலிருந்து போர்ச்சுகல் நாட்டுக்குள் வந்தது. லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பன்றிகளுக்கு, விமானத்தில் பயணிகள் சாப்பிட்டு மிஞ்சியதைப் போட்டார்கள். அதில் இருந்த இறைச்சித் துண்டு வழியாக வந்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. 2007ஆம் ஆண்டு ஜார்ஜியா நாட்டில் புகுந்தது. அங்கே கப்பல் சமையல்கட்டு மிச்சம் துறைமுகப் பக்கத்துப் பன்றிகளுக்குப் போனதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். அங்கிருந்து ரஷ்யா, 2018இல் சீனா. 2020ஆம் ஆண்டு அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நம் நாட்டில் முதல் தடவையாக உறுதி செய்யப்பட்டது.

தென்னாட்டுக்கு வர இரண்டு வருஷம்தான் ஆனது. 2022 ஜூலையில் வயநாடு மாவட்டம் மானந்தவாடிப் பகுதிப் பண்ணைகளில் பன்றிகள் செத்தன. போபால் ஆய்வுக்கூடம் இதே நோய் என்று உறுதி செய்தது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகள் அத்தனையும் அழிக்கப்பட வேண்டும் என்பது விதி. நோய் வராத கொட்டகைக்காரரும் தப்ப முடியாது. மறு வருஷத் தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமும் இந்த நோய் காணப்பட்டது.

விமானமும் கப்பலும் நம் ஓட்டலும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றுதான். இந்தக் கிருமி உறைய வைத்த இறைச்சியிலும் உப்புக் கண்டத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நோய் கண்ட ஊரிலிருந்து ஒரு பன்றி, பயந்து அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டு, கசாப்புக் கடை வழியாக ஒரு சமையல்கட்டுக்கு வருகிறது. கழித்துப் போட்ட கொழுப்பும் தோலும் டிரம்மில் விழுகிறது. டிரம் கொட்டகைக்குப் போகிறது. வேறென்ன வேண்டும்?

பயந்து விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பன்றி தீனி எடுக்காமல் படுத்தால், மற்றதையாவது காசாக்கிவிடுவோம் என்று தோன்றும். ஏழைக் குடும்பத்தின் மேல் அதற்காகக் கல்லெறிய முடியாது. ஆனால் நஷ்ட ஈட்டின் விவரத்தைத் தெரிந்துகொண்டால் அப்படி விற்கத் தோன்றாது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதிகாரிகள் அழிக்கும் பன்றிக்குத்தான் பணம். தானாகச் செத்ததற்கு இல்லை. முதல் பன்றி படுத்த அன்றே கால்நடை டாக்டரிடம் சொன்னவருக்கு, மற்றப் பன்றிகளுக்குப் பணம் கிடைக்கும். மறைத்தவருக்கு எல்லாம் செத்தபின் குழி வெட்டும் செலவுதான் மிச்சம்.

அண்டாவை ஏற்று!

கிருமி உப்புக்கும் பனிக்கும் அஞ்சாது. நெருப்புக்கு அஞ்சும். 70 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் இருந்தால் செத்துவிடும்.

அதற்காகச் சூடுபடுத்தினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அண்டாவின் ஓரத்தில் கொதிக்கும்போது நடுவில் உள்ள சோற்றுக் கட்டி வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். எலும்போடு ஒட்டிய இறைச்சியின் உள்ளே சூடு போக நேரம் ஆகும். ஆகவே நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின், அதற்குமேல் அரை மணி நேரம், துடுப்பால் கிளறிக்கொண்டே கொதிக்க வைக்க வேண்டும். கொதி வருவதற்கு ஆகும் நேரம் கணக்கில் சேராது.

இரும்பு டிரம்மைப் பாதியாக வெட்டினால் நல்ல அண்டா. குடகு, வயநாட்டுக்காரருக்கு நிழல் மரங்களைக் கவாத்து செய்த விறகு கிடைக்கும். மற்றவர்கள் பன்றிச் சாணியிலிருந்தே சாண எரிவாயு எடுக்கலாம். முதலில் செலவுதான். பிறகு தினசரி விறகுச் செலவு குறையும்.

அநேகம் பேர் தவறுவது அண்டாவில் அல்ல. வாளியில்! பச்சை மிச்சத்தைக் கொட்டிய அதே வாளியில், வெந்ததையும் அள்ளிப் பன்றிக்கு ஊற்றுவார்கள். வேகவைத்த விறகெல்லாம் வீண். டிரம் இறக்கும் இடம் கொட்டகைக்கு வெளியே, எட்டத்தில் இருக்க வேண்டும். பச்சைக்கு ஒரு வாளி, வெந்ததற்கு ஒரு வாளி. சாயம் அடித்து அடையாளம் வைத்தால் பிள்ளைகளும் மாற்றி எடுக்க மாட்டார்கள். டெம்போவில் போய்வந்த செருப்போடு கொட்டகைக்குள் நுழையக் கூடாது.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, சட்டம் போட்டு நிறுத்திவிட வேண்டியதுதானே என்பார்கள் சிலர். பிரிட்டனில் அதைத்தான் செய்தார்கள். 2001ஆம் ஆண்டு அங்கே கோமாரி நோய் பரவி, லட்சக்கணக்கான ஆடு மாடுகளை அழிக்க நேர்ந்தது. வேகவைக்காத மிச்சம் போட்ட ஒரு பன்றிப் பண்ணையில் ஆரம்பித்தது அந்த வினை. அதே வருஷம் மிச்சம் போடுவதையே தடை செய்தார்கள். அங்கே பண்ணைக்காரர் கடையில் தீவனம் வாங்கிக்கொள்வார். நம் ஊரில் அப்படித் தடை போட்டால் முதலில் மூடுவது சின்ன குடும்பத்தின் கொட்டகைதான். முன்பு போட்ட 1,100 ரூபாய்க் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். நம் கால்நடைத் துறையினரும் மிச்சம் போடாமல் இருப்பதே மேல் என்றுதான் சொல்கிறார்கள். போடுகிறவர் கொதிக்க வைக்காமல் போடவே கூடாது.

ஓட்டல் தம்பிகளுக்கு

டிரம்மை நிரப்புவது நம்மவர் கைதான். நாலு விஷயம் செய்தால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உபகாரம்.

தட்டு கழுவிய தண்ணீரை டிரம்மில் ஊற்றாதீர்கள். அதைக் கொதிக்க வைக்கும் விறகு அவர்கள் காசு. சோப்புத் தண்ணீர் என்றால் பன்றிக்கு வயிற்றுப்போக்கு வேறு. பல் குத்தும் குச்சி, பிளாஸ்டிக் உறை, உடைந்த கண்ணாடி இவற்றைத் தனியே எடுத்துப் போடுங்கள். பன்றி எதையும் தின்னும் என்பது பொய். குச்சி குடலில் குத்தினால் அதுவும் சாகும். உங்கள் ஓட்டலில் பன்றி இறைச்சி சமைப்பதுண்டு என்றால் அந்தக் கழிவு இந்த டிரம்மில் விழவே கூடாது.

ஊறுகாயும் உப்பும் இன்னொரு சங்கதி. உப்புக் கூடிய மிச்சத்தைத் தின்ற பன்றிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காவிட்டால் மூளை வீங்கிவிடும். கண் தெரியாததுபோல் சுற்றும். சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். வலிப்பு வந்து விழும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போனவர்கள்கூட இருப்பார்கள். விஷமும் இல்லை, பேயும் இல்லை. தொட்டியில் தண்ணீர் இல்லாததுதான். அந்த நேரத்தில் பதறிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் காட்டினாலும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். எந்நேரமும் தண்ணீர் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

குட்டி போடும் ராத்திரி

தாய்ப்பன்றி வைத்திருப்பவருக்கு அந்த ஒரு ராத்திரித் தூக்கம் கிடையாது. 150 கிலோ உடம்பு. குட்டியோ ஒன்றேகால் கிலோ. தாய் படுக்கும்போது அடியில் மாட்டினால் நசுங்கியது நசுங்கியதுதான். சுவரிலிருந்து ஒரு ஜாண், தரையிலிருந்து ஒரு ஜாண் விட்டு இரும்புக் குழாய் பதித்துவிட்டால், தாய் சுவரோரம் சாயும்போது குட்டி குழாய்க்கு அடியில் ஒதுங்கித் தப்பிக்கும். பிறந்த குட்டிக்குக் குளிர் ஆகாது. மூலையில் ஒரு பல்பு தொங்கவிட்டால் தாயின் மேல் ஏறாமல் அங்கே போய்ச் சுருண்டு கொள்ளும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். சில நாளில் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். பால் மறக்கும்வரை அதே காம்புதான். முன்பக்கத்துக் காம்புகளில் பால் அதிகம். பலசாலிகள் அதைப் பிடித்துக்கொள்ள, நோஞ்சான் கடைசிக்குப் போகும். முதல் நாளே நோஞ்சானை முன் காம்பில் பிடித்து வைத்தால் அதுவும் தேறிவிடும்.

தாய்ப்பாலில் இரும்புச் சத்து போதாது. மண் தரையில் திரிந்த காலத்தில் குட்டிகள் மண்ணைக் கிளறித் தின்று சரிக்கட்டிக்கொண்டன. சிமெண்டுத் தரையில் அது நடக்காது. குட்டி வெளுத்து, மூச்சு வாங்கிச் சாகும். மூன்றாம், நாலாம் நாள் டாக்டரைக் கொண்டு இரும்புச் சத்து ஊசி போட வேண்டும்.

இறைச்சிக்கு வளர்க்கும் ஆண் குட்டிகளை மூன்று நாலு வாரத்துக்குள் காயடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சமைக்கும்போது ஒரு வீச்சம் வரும். வாங்கினவர் மறுபடி வரமாட்டார்.

வியாபாரியும் இஞ்ச் டேப்பும்

ஏழு மாதம் பாடுபட்டு வளர்த்ததை ஏழு நிமிஷத்தில் கோட்டை விடுவது விற்கும்போதுதான். சின்ன பண்ணையில் எடை மேடை இருக்காது. வியாபாரி கண்ணால் பார்த்தே எடை சொல்வார். ஓசூர்ப் பக்கமாக இருந்தால் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"எழுபது கிலோ தாண்டாதுங்கண்ணே. வயிறுதான் உப்பியிருக்கு."

வீட்டுக்காரம்மா தையல் டேப்பை எடுத்து வந்தால், "என்னக்கா, ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். பிறகு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடிவரை நீளம். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 880ஆல் வகுத்தால் ஏறக்குறைய உயிர் எடை கிலோவில் வந்துவிடும். நெஞ்சு 40 அங்குலம், நீளம் 44 அங்குலம் என்றால் 80 கிலோ.

வியாபாரி சொன்னது எழுபது. பத்துக் கிலோ வித்தியாசம் 1,500 ரூபாய். தீவனம் வாங்கிப் போட்டவரின் ஏழு மாத லாபத்தைவிட அதிகம்! நாலணா டேப் என்று ஒரு காலத்தில் சொல்வோமே, அதுதான் சின்ன பண்ணைக்காரரின் எடை மேடை.

நாடாப்புழு பயம்

பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும் என்று சொல்வார்கள். பாதி உண்மை, பாதி பிசகு. மலத்தைத் தின்று திரியும் பன்றியின் தசையில் அரிசி அரிசியாக நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கும். அதைச் சரியாக வேகாமல் தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது வேறு வழி. குடலில் புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அது கலந்த தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை மூலம் யார் வாயில் போனாலும் மூளையில் கட்டியாகி வலிப்பு வரலாம். பன்றியைத் தொட்டே பார்க்காத சைவக்காரருக்கும் வரும்!

கொட்டகையில் அடைத்து, வேகவைத்த தீனி போட்டு வளர்க்கும் வெண்பன்றிக்கு இந்தக் கோளாறு வர வழி இல்லை. கறியை நன்றாக வேகவைத்தும் விட்டால் பயமே வேண்டாம். மூளைக் காய்ச்சலைப் பரப்பும் கொசு விஷயம் வேறு. அந்தக் கிருமி பன்றி உடம்பில் பெருகும். நோயால் பன்றி வாடுவது தெரியாது. கொசு அதைக் கடித்துவிட்டுக் குழந்தையைக் கடித்தால் ஆபத்து. எனவே நெல் வயலுக்கும் வீடுகளுக்கும் எட்டத்தில் கொட்டகை போடுவது நல்லது. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசுவதும், உள்ளாட்சி அனுமதி வாங்குவதும் பிற்பாடு வரும் புகாரைத் தடுக்கும்.

ஆரம்பிக்கிறவருக்கு

முதலிலேயே தாய்ப்பன்றி வேண்டாம். பால் மறந்த நாலு குட்டி போதும். சந்தையில் வாங்காதீர்கள். பல ஊர்ப் பன்றி கூடும் இடம் பல ஊர் நோய் கூடும் இடம். ஒரே பண்ணையில் வாங்கி, வழக்கமான பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு புதுக் குட்டி வாங்கினால் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு விடவேண்டும்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள் செங்கற்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையை விசாரிக்கலாம். வெண்பன்றியையும் நாட்டுப் பன்றியையும் கலந்து ஓர் இனம் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். இங்கே இருப்பவர்களுக்கு ஹெப்பால் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டுக் கடன் பயிருக்கு மட்டும் என்பது பழைய கதை. 2019 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. பென்ஷன் பணம் முழுவதையும் கொட்டகையில் போடுவதைவிட அது மேல்.

விற்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். நல்ல விலைக்கு டிசம்பர், கிறிஸ்துமஸ் சமயம். அப்போது 90 கிலோப் பன்றி கையில் இருக்க வேண்டுமானால், 10 கிலோக் குட்டியை மே மாத நடுவில் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் குட்டி மார்ச் நடுவில் பிறந்திருக்கும். தாய் சினையானது அதற்கு 114 நாள் முன்பு, நவம்பர் மூன்றாவது வாரத்தில். அதாவது முந்தைய கிறிஸ்துமஸுக்கும் ஒரு மாதம் முன்னால்.